ஐஸ் பெட்டியில் வந்த மீன்: அவலாஞ்சிக்கு ஒரு ட்ரிப் பிளான்

இன்னிக்கு எபிசோடு கேட்க ஒரு ட்ரிப் பிளான் மாதிரி இருக்கும். ஊட்டிக் கூட்டத்தைத் தாண்டி எமரால்டு, அங்கிருந்து அவலாஞ்சி, அதுக்கு மேல அப்பர் பவானி. குறுகலான ரோடு, டென்ட், குளிர், ஓடைக்கரையில் ஒரு தூண்டில். வாட்ஸப்பில் நிறைய பேர் கேட்டது இதுதான்: "ப்ரோ, ஃப்ளை ஃபிஷிங் பண்ணணும்னா வெளிநாடு போகணுமா? நம்ம மலையில் ட்ரவுட் இருக்காமே?"

இருக்கு. ஆனா அந்த மீன் அங்கே எப்படி வந்துச்சுன்னு தெரியாம பிளான் போட்டா, அது பாதி பிளான்தான். அதனால முதலில் வரலாறு, கடைசியில் ரூட்.

மேப்பில் ஒரு மீன்

மேப்பில் ஊட்டியிலிருந்து தென்மேற்கே விரலை நகர்த்துங்க. சுமார் 25 கிலோமீட்டரில் அவலாஞ்சி வரும். 1800களின் தொடக்கத்தில் அங்கே பெரிய மலைச்சரிவு ஒன்று நடந்தது. ஆங்கிலேயர்கள் அதையே இடத்தின் பெயராக்கிட்டாங்க. பனிச்சரிவுக்கு அவங்க மொழியில் இருக்கும் சொல்லை, பனிப்பொழிவே இல்லாத ஓர் இடத்துக்கு வைத்தார்கள். இந்த எபிசோடு முழுக்க வரப்போற பழக்கம் இதுதான்: இங்கே இருப்பதை அங்கே இருப்பதன் கண்ணால் பார்ப்பது.

அவலாஞ்சியில் ஒரு ட்ரவுட் பொரிப்பகம் இருக்கு. சினை எடுத்து, முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சு வளர்த்து ஓடையில் விடும் இடம். நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஏன் இப்படி ஒண்ணு தேவைப்பட்டது? ஏன்னா ட்ரவுட் இந்தியாவின் எந்த ஆற்றுக்கும் சொந்த மீன் இல்லை. பழுப்பு ட்ரவுட்டின் ஊர் ஐரோப்பா. வானவில் ட்ரவுட்டின் ஊர் பசிபிக் கடலின் வட கரைகள், முக்கியமா வட அமெரிக்காவின் மேற்குக் கரை. குளிர்ந்த, ஆக்ஸிஜன் நிறைந்த, கூழாங்கல் படுகையில் ஓடும் தண்ணீர் வேணும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும்.

நீலகிரி இருப்பதோ பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 11 டிகிரி வடக்கே. அவலாஞ்சி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் இந்தக் கதையே நடந்தது.

ஏக்கம் ஒரு புராஜெக்ட் ஆனபோது

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். சில வருஷத்திலேயே வீடு கட்டினார், ஓடையை மறித்து ஊட்டி ஏரியை உருவாக்கினார். பிறகு ஆங்கிலக் காய்கறி வந்தது, ரோஜா வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் வந்தது. கோடைக்காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மேலே வர ஆரம்பித்தது. சமவெளியில் வெயிலில் வெந்தவர்களுக்கு, இங்கே கண்ணை மூடினால் ஸ்காட்லாந்து.

ஆனா ஸ்காட்லாந்து என்றால் ஓடையில் ட்ரவுட் இருக்கணுமே?

இங்கே ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்னன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். நம்ம ஊர்த் தூண்டிலில் மண்புழுவோ மாவு உருண்டையோ கோர்த்து, தக்கை மிதப்பதைப் பார்த்து உட்காருவோம். எடை இருப்பது இரைப் பக்கத்தில். ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். கொக்கியில் இறகும் முடியும் நூலும் சுற்றி ஒரு பொய் ஈ செய்வாங்க. அதுக்கு எடையே கிடையாது. எடை இருப்பது நூலில். தடித்த நூலைத் தலைக்கு மேல முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசி, அந்த வேகத்தில் பொய் ஈயைத் தண்ணீர் மேல தும்பி உட்காருவது போல இறக்கணும். மீன் ஏமாந்து மேலே வரணும்.

மீன் கிடைப்பதை விட எப்படிக் கிடைத்தது என்பது இங்கே பெருசு. இங்கிலாந்தில் இது வெறும் பொழுதுபோக்கு கிடையாது, ஒரு வர்க்க அடையாளம். எந்த ஓடையில், யாருடைய அனுமதியோட, எந்த முறையில் பிடிச்சே என்பதில் ஆளோட அந்தஸ்து தெரிஞ்சிடும்.

இந்தியாவில் அவர்களுக்கு மாற்று மீன் இல்லாமல் இல்லை. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தையே எழுதினார். அதில் நாயகன் நம்ம ஆற்று மீன் மஷீர். ஆனா மஷீர் பெரிய ஆறுகளின் மீன். ஊட்டிக்கு மேலே, புல்வெளி நடுவே ஓடும் ஒல்லி ஓடைகளில் தூண்டில்காரர்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய மீன் எதுவும் இல்லை. அவங்க பார்வையில் அது காலி ஓடை. "காலி" என்ற அந்தச் சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி திரும்ப வரும்.

கூலிங் இல்லாத டெலிவரி

முதல் முயற்சி 1863இல். செய்தவர் ஃபிரான்சிஸ் டே. மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவர். பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய மிகப் பெரிய நூலை எழுதியவர். மீனைப் பற்றி அவரை விடத் தெரிந்தவர் அன்றைக்கு இங்கே அதிகம் பேர் இல்லை. இருந்தும் ட்ரவுட் வந்து சேரவில்லை. அடுத்து ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர் முயன்றார். டெஞ்ச் மாதிரி சில மீன்கள் பிழைத்து ஊட்டி ஏரியில் பரவின. ட்ரவுட் பிழைக்கவில்லை.

ஏன்? இதில் அறிவுக் குறைவு இல்லை. லாஜிஸ்டிக்ஸ் பிரச்சினை.

மீனை உயிரோட கப்பலில் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். முட்டையாகக் கொண்டுவரலாம். ஆனா முட்டைக்கு ஒரு கடிகாரம் இருக்கு. அது நாள் கணக்கில் ஓடாது, டிகிரி-நாள் கணக்கில் ஓடும். வானவில் ட்ரவுட் முட்டை 10 டிகிரி தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மாசத்தில் பொரிந்துவிடும். பழுப்பு ட்ரவுட்டுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடுதல். தண்ணீர் சூடானால் கடிகாரம் வேகமா ஓடும். இன்னும் சூடானால் நின்றே போகும்.

1863இல் சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869இல். ஒன்று ஆப்பிரிக்காவைச் சுற்றி மாசக்கணக்கில் வரணும். இல்லைன்னா எகிப்து வரை கப்பல், அங்கே ரயிலில் பாலைவனம் தாண்டி, செங்கடலில் மறுபடி கப்பல். எந்த வழியில் வந்தாலும் வெயில். மெட்ராஸில் இறங்கின பிறகு மலையேறணும். மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899இல், ஊட்டிக்கு 1908இல். இத்தனை கட்டத்தில் எங்கே ஒரு இடத்தில் ஐஸ் தீர்ந்தாலும் எல்லாம் போச்சு.

91 அல்ல, 300 முக்கியம்

இதே பிரச்சினையை நீலகிரியை விட இன்னும் தூரத்தில் இருந்தவர்கள் முதலில் தீர்த்தாங்க. அதனால கதை கொஞ்ச நேரம் ஆஸ்திரேலியா பக்கம் போகணும்.

டாஸ்மேனியாவில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கும் இதே ஏக்கம். 1850களிலிருந்தே சால்மன் முட்டைகளைக் கொண்டுபோகப் பார்த்து, திரும்பத் திரும்பத் தோற்றார்கள். ஜேம்ஸ் யூல் என்பவர் ஒரு வேலை செய்தார். கப்பலில் அனுப்பிப் பார்த்துத் தோற்பதற்குப் பதிலா, லண்டனில் ஒரு ஐஸ் கம்பெனியின் கிடங்கிலேயே சோதனை வைத்தார். முட்டைகளை ஈரப் பாசிக்குள் அடுக்கி, பெட்டியை ஐஸுக்குள் புதைத்து, எத்தனை நாள் தாங்குதுன்னு பார்த்தார். ஓடும் தண்ணீரே தேவையில்லை, ஈரமும் குளிரும் போதும், கடிகாரம் கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பது தெரிந்தது. நம்ம பாஷையில் சொன்னா, புரொடக்ஷனில் கை வைக்கும் முன்னாடி லோக்கலில் டெஸ்ட் பண்ணினார்.

1864 ஜனவரியில் நார்ஃபோக் என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. ஒரு லட்சம் சால்மன் முட்டைகளுக்கு மேல். கூடவே, கடைசி நேரத்தில் ஃபிராங்க் பக்லண்டும் ஃபிரான்சிஸ் ஃபிரான்சிஸும் கொடுத்த சுமார் மூவாயிரம் ட்ரவுட் முட்டைகள். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில் மெல்போர்ன். மே மாதம் டாஸ்மேனியாவின் பிளென்டி ஆற்றங்கரைக் குளங்களில் முதல் ட்ரவுட் குஞ்சு பொரிந்தது. சுமார் 300 பிழைத்தன.

முக்கியப் பயணி சால்மன். அது கடலுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. ஓசியில் தொற்றிக்கொண்டு வந்த ட்ரவுட் நிலைத்தது. 1867 முதல் அங்கிருந்தே நியூசிலாந்துக்குப் போனது. 1883இல் நியூசிலாந்துக்கு கலிஃபோர்னியாவிலிருந்து வானவில் ட்ரவுட் முட்டைகளும் வந்து சேர்ந்தன. இந்த இரண்டாவது வரவுதான் நம்ம கதைக்கு முக்கியம்.

பக்கத்து ஊர் கேஷ்

நீலகிரி காத்திருந்த நாற்பது வருஷத்தில் உலகம் மாறியது. கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல் வேகமானது. 1882இல் டனீடின் என்ற கப்பல் உறைந்த இறைச்சியோடு நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்து போனது. கப்பலில் குளிர்பதனம் சாத்தியம்னு நிரூபணமானது. இதே 1880களில் இலங்கையின் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் விடத் தொடங்கிவிட்டார்கள். 1899இல் காஷ்மீருக்கு பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிய 10,000 முட்டைகள் வழியிலேயே வீணாகின. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பொரிந்தன. அதைப் பொறுப்பெடுத்து வளர்த்தவர் ஃபிராங்க் மிட்செல். கம்பளத் தொழிற்சாலை நடத்தியவர்.

மெட்ராஸ் அரசாங்கம் இப்போ ஒரு ஆளையே வேலைக்கு வைத்தது: எச்.சி. வில்சன். மீன் வளர்ப்புதான் அவர் பதவி. 1906க்குப் பிறகு வந்த சில ஆண்டுகளில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து முட்டையும் குஞ்சும் வரவழைத்தார். அவலாஞ்சிப் பொரிப்பகம் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். இலங்கை என்பது இங்கே பெரிய திருப்பம். லண்டன் சர்வரிலிருந்து நேரா இழுப்பதற்குப் பதிலா, பக்கத்திலேயே ஒரு கேஷ் கிடைத்த மாதிரி. தூரம் குறைந்தது, ஐஸ் குறைந்தது, சேதம் குறைந்தது.

இப்போ கதையின் நக்கலைப் பாருங்க. இவ்வளவு ஏக்கமும் எந்த மீனுக்காக? ஊரில் தாத்தா பிடித்த பழுப்பு ட்ரவுட்டுக்காக. நீலகிரியில் அது நிலைக்கவில்லை. நிலைத்தது வானவில் ட்ரவுட். கொஞ்சம் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் அமெரிக்க மீன். இங்கிலாந்தைத் திரும்ப உருவாக்கப் போய், கலிஃபோர்னியாவின் ஒரு துண்டை நீலகிரியில் ஒட்டிவிட்டார்கள்.

ஓடைக்கு ஏற்கனவே ஆள் இருந்தது

வில்சன் ட்ரவுட் வேலையைத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாடி, 1901-02இல் இன்னொருத்தர் அதே மலைக்கு வந்தார். பெயரே ரிவர்ஸ். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், மானிடவியலாளர். தோடர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1906இல் வந்தது. அதாவது ட்ரவுட் ஃபைலும் தோடர் ஃபைலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் திறந்தவை.

அவர் பதிவு செய்த ஒரு விஷயம்: பைக்காரா ஆறும் அவலாஞ்சி ஆறும் தோடர்களுக்குத் தெய்வங்கள். தோடர் ஆண் அந்த ஆற்றைக் கடக்கும்போது போர்வையை விலக்கி வலது கையை வெளியே எடுப்பார். கோயிலுக்குள் போகும்போது நாம் செருப்பைக் கழற்றுவது மாதிரி, துண்டை இடுப்பில் கட்டுவது மாதிரி ஒரு மரியாதை.

தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள். இறைச்சியும் மீனும் சாப்பிடுவது அவர்கள் வழக்கம் இல்லை. அவங்க மந்து இருக்கும் புல்வெளி, எருமை தண்ணீர் குடிக்கும் ஓடை, சடங்குக்குப் பால் கறக்கும் இடம், எல்லாம் ஒரே வரைபடம். ஆங்கிலேயர் "காலி" என்று பார்த்த ஓடை அதே வரைபடத்தில் தெய்வம்.

இன்னொரு கோப்பும் இருக்கு. 1877 வாக்கில் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் சேர்ந்து நீலகிரியில் ஒரு சங்கம் தொடங்கினாங்க. 1879இல் மெட்ராஸ் அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. எந்தக் காலத்தில் பிடிக்கலாம், எதைப் பிடிக்கலாம், யாருக்கு அனுமதிச் சீட்டு என்று விதி வந்தது. ட்ரவுட் வந்து நிலைப்பதற்கு முப்பது வருஷம் முன்னாடியே அதற்கான சட்டம் தயார்!

இதை முழுக்கக் கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். வெடி வைத்தும் விஷம் கலக்கியும் மீன் பிடிப்பதைத் தடுத்த 1897 மீன்வளச் சட்டம் நல்ல சட்டம். கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளிய துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தியதால் வரையாட்டுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. அந்தப் பழைய வேட்டைச் சங்கமே பின்னாளில் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமாக மாறிவிட்டது. ஆனா ஒரு கோடு அன்றைக்கு விழுந்தது. சீட்டு வைத்திருப்பவர் விளையாட்டு வீரர். சீட்டு இல்லாமல் பிடிப்பவர் திருடர். அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவருக்கும் இதே கோடுதான்.

இறகு போன திசை

மீன் அங்கிருந்து இங்கே வந்தது. இங்கிருந்து அங்கே ஒன்று போனது. அது ஃப்ளை ஃபிஷிங் கடை வைத்திருப்பவர்களுக்கு நல்லாத் தெரியும், நமக்குத் தெரியாது.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் காட்டுக்கோழி இருக்கு. சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டு விட்ட மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாப் புள்ளிகள். பொய் ஈ கட்டும்போது அந்தப் புள்ளி மீனுக்குக் கண் மாதிரித் தெரியும். விக்டோரியா காலத்து சால்மன் ஈக்களில் இந்த இறகு கிட்டத்தட்டக் கட்டாயம். ஸ்காட்லாந்து ஆற்றில் ஒருத்தர் வீசிய கொக்கியில் தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்து.

இறகு வியாபாரம் உலகம் முழுக்கக் கட்டுக்கடங்காமல் போனது. பெண்களின் தொப்பி ஃபேஷன் அதில் பெரிய பங்கு. 1902இல் இந்திய அரசாங்கம் காட்டுப் பறவைகளின் இறகையும் தோலையும் ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. இன்றைக்கும் நீங்க ஃப்ளை கட்டும் சாமான் வாங்கினா, "ஜங்கிள் காக்" என்ற பெயரில் பண்ணைப் பறவையின் இறகோ, பிளாஸ்டிக் நகலோ கிடைக்கும். காட்டில் கீழே கிடக்கும் இறகாவே இருந்தாலும் எடுத்துப் பையில் போடாதீங்க.

அது ஏரி இல்லை

அடுத்த மாற்றம் சுதந்திரத்துக்குப் பிறகு. மேப்பில் எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று நீலமாத் தெரிவதெல்லாம் ரீல்ஸில் ஏரி. உண்மையில் அணை. பைக்காரா மின் திட்டம் 1930களிலேயே வந்து கோயம்புத்தூர் மில்களுக்கு மின்சாரம் கொடுத்தது. 1950களின் நடுவில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியது. ஓடைகள் மறிக்கப்பட்டு, தண்ணீர் சுரங்கக் குழாயில் இறங்கி, ஒவ்வொரு படியிலும் டர்பைனைச் சுற்றிக்கொண்டு கீழே போகுது. போர்த்திமந்து என்ற பெயரைப் பிரித்துப் பாருங்க. கடைசியில் 'மந்து' இருக்கு. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. அணையின் பெயரில் மட்டும் மிச்சம் இருக்கும் ஊர்கள் அந்தப் பக்கம் உண்டு.

அதே காலத்தில் புல்வெளியை "வெறும் நிலம்" என்று நினைத்து மேல சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் பைனையும் வரிசை வரிசையா நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட, மரம் செயற்கை இழை ஆலைக்கு. எதுவும் வளராத இடத்தில் மரம் வைப்பது நல்லதுதானேன்னு தோணும். ஆனா நீலகிரிப் புல்வெளி மழைத் தண்ணீரைப் பிடித்து, சோலைக்காட்டோடு சேர்ந்து மெதுவா ஓடைக்கு விடும் அமைப்பு. புல்வெளி போனால் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் காய்ந்த ஓடை.

1982இல் முக்குருத்தி சரணாலயமானது, 1990இல் தேசியப் பூங்கா. வரையாடு மேயும் உண்மையான புல்வெளியின் மிச்சம் அங்கேதான் அதிகம். இப்போ அரசே அந்நிய மரங்களை வெட்டிப் புல்லைத் திரும்ப வளர்க்கும் வேலையில் இருக்கு.

ரோல்பேக் பட்டன் இல்லாத டிப்ளாய்மென்ட்

மரத்தை வெட்டிடலாம். மீனை?

வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் இரண்டுமே உலகின் மோசமான 100 ஊடுருவும் அந்நிய உயிரினங்கள் என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கு. காரணம் புரிய கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையைப் பாருங்க. அங்கேயும் உயரமான ஏரிகள் மீன் இல்லாமல் "காலியா" இருந்தன. கோவேறு கழுதையில் தகர டப்பா கட்டி, பின்னாடி விமானத்திலிருந்தே கொட்டி, ட்ரவுட் நிரப்பினாங்க. அந்த ஏரிகளில் மஞ்சள் கால் மலைத் தவளை லட்சக்கணக்கில் இருந்தது. அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற வருஷக்கணக்கில் ஆகும்; அதுவரை தண்ணீரை விட்டு வெளியே வர முடியாது. ட்ரவுட்டுக்கு அது பந்தி. பூஞ்சை நோயும் சேர்ந்து தவளையை ஒழித்துக்கட்டியது. பிறகு ஆய்வாளர்கள் சில ஏரிகளில் வலை போட்டு ட்ரவுட்டை முழுசா எடுத்துப் பார்த்தாங்க. சில வருஷத்திலேயே தவளைகள் திரும்பின.

ஆக, காலியா இருந்த ஏரி காலியா இல்லை. தவளை இருந்தது. மீன் தேடிய கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் சோறு சாப்பிடுவது சாஃப்ட்வேர் எழுதி. எங்க தொழிலில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஒன்றைப் புதுசாப் போடும் முன்னாடி இரண்டு கேள்வி கேட்போம். இது வேலை செய்யுமா? இது ஏற்கனவே வேலை செய்வதை உடைக்குமா? நீலகிரி ட்ரவுட் கதையில் நாற்பது வருஷம், மூன்று கண்டம், அத்தனை ஐஸ், எல்லாமே முதல் கேள்விக்காகச் செலவானது. இரண்டாவது கேள்விக்கு யாரும் கப்பல் விடவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய ஆட்கள், ஆற்றைக் கடக்கும்போது கையை வெளியே எடுத்தவர்கள், அந்த மீட்டிங்கில் இல்லை.

இதைச் சொல்றதால டே, வில்சன் எல்லாம் வில்லன் கிடையாது. யூலின் ஐஸ் பெட்டி உண்மையிலேயே அழகான பொறியியல். வீட்டு ஏக்கம் எல்லாருக்கும் வரும். பெங்களூரில் இருந்துகொண்டு ஊர்க் கருவாட்டுக்கு ஏங்குபவர்கள்தானே நாம். ஆனா ஏக்கத்துக்கு அதிகாரமும் கிடைச்சா அது ஒரு மலையையே திருத்தி எழுதும். இப்போ நம்ம ஏக்கம் வீக்கெண்டு. நம்மிடம் காரும் பணமும் இருக்கு. நாமளும் ஒரு அதிகாரம்தான்.

சரி, பிளான்

இப்போ ரூட்.

ஒண்ணு, அனுமதி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் போக வண்டிக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கு. கிளம்பும் முன் எடுத்துடுங்க. அவலாஞ்சி காட்டுப் பகுதியை வனத் துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் பார்க்கலாம். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அப்பர் பவானி பக்கம் தடையும் திறப்பும் மாறிக்கொண்டே இருக்கும். வனத் துறையைக் கேட்டுட்டு மட்டும் வண்டியைத் திருப்புங்க.

இரண்டு, டென்ட். அணைக்கரையில், சோலை ஓரத்தில் சும்மா டென்ட் அடிக்கும் வேலை வேண்டாம். அது யானை, காட்டெருமை, புலி நடமாடும் இடம். எமரால்டு சுற்றியுள்ள கிராமங்களில் முறையான தங்குமிடம் பாருங்க. உங்க காசு அந்த ஊருக்குப் போகட்டும்.

மூணு, பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல், 24 மணி நேரத்தில்! டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை உறைபனி; புல் நுனியெல்லாம் வெள்ளை. பார்க்க அழகு, ஆனா நல்ல ஸ்வெட்டர் வேணும்.

நாலு, தூண்டில். மீன்வளத் துறை, வனத் துறை இரண்டு பக்கமும் எழுத்து அனுமதி இல்லாமல் நீலகிரி ஓடையில் தூண்டிலை இறக்காதீங்க. பொரிப்பகத்தைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீங்க; தொட்டியில் நீந்துவது 1864இன் ஐஸ் பெட்டியோட தொடர்ச்சி. ஃப்ளை ஃபிஷிங்கே பண்ணணும்னு ஆசைன்னா, காஷ்மீரிலும் இமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்கிலும் அரசு அனுமதிச் சீட்டோடு பிடிக்கும் ஏற்பாடு இருக்கு. காஷ்மீரில் ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒரு நாளில் இத்தனை பேர்தான் என்று வைத்திருப்பாங்க. முள் இல்லாத கொக்கி எடுத்துட்டுப் போங்க. போவதற்கு முன்னாடி மொட்டைமாடியில் கொக்கி இல்லாமல் நூல் வீசப் பழகுங்க. பக்கத்து வீட்டுக்காரர் விநோதமாப் பார்ப்பார், பரவாயில்லை.

அஞ்சு, கடைசி. அவலாஞ்சி ரோட்டில் பாலம் தாண்டும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. பாட்டை நிறுத்துங்க. கீழே ஓடுவதற்கு ட்ரவுட் ஓடைன்னு பெயர் வந்து நூறு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருந்த பெயர் இன்னும் சிலர் வாயில் உயிரோட இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க, மக்களே.